காணாமல் போன எட்டு யூனிட் கல்

அத்தியாயம் 5

அமைச்சர் பூங்காவைத் திறந்து வைக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது.

கொடைக்கானல் தயாராகிவிட்டது. ஏரியிலிருந்து பூங்கா வரை தோரணம் கட்டியாகிவிட்டது. யார் மனமும் நோகக் கூடாது என்று வரவேற்புரையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். லாரி டிரைவர் வேலுச்சாமி மட்டும் போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பில் இருந்தான். விழா முடிந்ததும் போலீஸ் ஜீப் காலியாகும். நாளை மாலையே அவனை மதுரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். லாரியையும் பறிமுதல் செய்வார்கள்.

அவனுடைய மனைவி சிவபாக்கியம் பழனியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். லாட்ஜின் முன்னறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே சண்முகசுந்தரி. கல்லூரியில் நாலு வருஷம் பௌதிகம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மதுரையில் துப்பறியும் நிலையம் வைத்தவள். சன்னலருகே அவளுடைய உதவியாளன் செல்லப்பாண்டி, இரண்டு சட்டையும் அவற்றின்மேல் ஒரு போர்வையும் அணிந்து நின்றான். அதற்குப் பிறகும் குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

வழக்கு எளிமையானது. பூங்காவின் நடைபாதைக்கு இருபது யூனிட் கல் ஆர்டர் செய்தார்கள். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டடி உயரம் என்று குவித்தால் நூறு கன அடி. அதுதான் ஒரு யூனிட். கொடைக்கானலில் காலை வைக்கும் இடமெல்லாம் கல்தான். ஆனால் டெண்டர் எடுத்தவருடைய குவாரி கன்னிவாடியில் இருந்தது. ஆகவே கல் மலையேறி வந்தது. நடைக்கு ஒரு யூனிட்டாக வேலுச்சாமி இருபது நடை அடித்தான். மலைப்பாதைச் சாவடியில் இருபது முறையும் அவனைப் பார்த்திருக்கிறார்கள். பூங்காவில் இன்ஜினியர் அளந்தபோது இருந்தது பன்னிரண்டு யூனிட். மீதி எட்டை ஊருக்குள் யாருக்கோ விற்றுவிட்டான் என்பது புகார்.

காலை முழுவதும் அந்த யாரோவைத் தேடிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான் செல்லப்பாண்டி.

"அக்கா, இந்த ஊர்ல கல்லைக் காசு குடுத்து வாங்குற ஆளைத் தேடுறது, பழனியில மொட்டை போட்டவங்ககிட்ட சீப்பு விக்கிற மாதிரி இருக்கு."

"அதுவும் எங்க ஊர்ல விக்கிதுண்ணே," என்றாள் சிவபாக்கியம். அவள் சிரிக்கவில்லை.

பிறகு தன் கணவன் சொல்லி அனுப்பியதைச் சொன்னாள். கடைசி நடையை இறக்கிவிட்டு, அந்தக் கல் குவியல்மேல் உட்கார்ந்துதான் கட்டுச்சோறு தின்றானாம். விற்றிருந்தால் எதன்மேல் உட்கார்ந்திருப்பான்? சப் இன்ஸ்பெக்டர் இதைச் சாட்சியமாக ஏற்கவில்லை.

சண்முகசுந்தரி அந்தச் சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அவர் மரியாதையாகவே பேசினார். "அளந்தது இன்ஜினியரும்மா. என் அளவு தப்புன்னு அவர் வாயால சொல்லட்டும், நான் அப்பவே கதவைத் தெறந்து விடுறேன். நீங்க சொன்னா எழுதி வச்சுக்குவேன்."

"எழுதி வச்சுக்கிட்டாரா?" என்று கேட்டான் செல்லப்பாண்டி.

"இல்லை. பேனாவுல மை இல்லையாம்."

&nbsp;

இன்ஜினியர் சேனாதிபதி பூங்காவில் மேடைக்கு ஆணியடிப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் பிரம்பு. நாளைய விழாவில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அமைச்சர் கையால் அவருக்கு வெள்ளியில் ஒரு கொத்துக்கரண்டி பரிசு. காரணத்தை அவரே சொன்னார். இருபது யூனிட் எஸ்டிமேட் போட்ட பாதையைப் பன்னிரண்டு யூனிட்டில் முடித்துவிட்டார். மாகாணத்திலேயே இப்படி நடந்ததில்லை.

பாதை அழகாகத்தான் இருந்தது. எண்ணூறு அடி நீளம், ஐந்தடி அகலம், கனம் அரை அடி. ரோஜாச் செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கியது. சில கற்களில் வெள்ளைச் சுண்ணாம்புத் தடம் இருந்தது.

அது எப்படி முடிந்தது என்று சண்முகசுந்தரி கேட்டாள். சூப்பர்விஷன் என்றார் அவர்.

"அப்ப எட்டு யூனிட் மிச்சமாயிருக்கு."

"ஆமாம்."

"எட்டு யூனிட் திருட்டும் போயிருக்கு."

"ஆமாம்."

"ரெண்டும் ஒரே எட்டா?"

சேனாதிபதி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "மேடம், அது வேற ஃபைல். இது வேற ஃபைல்."

"வேலுச்சாமி இன்னொரு எட்டு யூனிட் திருடியிருந்தா நம்ம சார் பாதையை நாலு யூனிட்லயே முடிச்சிருப்பாருக்கா," என்றான் செல்லப்பாண்டி. "அவனுக்கும் ஒரு கரண்டி குடுக்கணும்."

இன்ஜினியர் அதைக் கேட்காத மாதிரி மேடைப் பக்கம் திரும்பி ஓர் ஆணியைக் குறை சொன்னார்.

சண்முகசுந்தரி பாதையை விட்டு இறங்கி, சாலையை ஒட்டிய புல்சரிவுக்குப் போனாள். கல் வந்து இறங்கிய இடம் அது. இரண்டு மாதம் கல்லுக்கு அடியில் கிடந்த புல், குவியல் குவியலாக மஞ்சளித்துப் போயிருந்தது. ஒவ்வொரு மஞ்சளும் பத்தடிக்கு ஐந்தடி. சாலை ஓரமாக ஒரு வரிசை, அதற்குக் கீழே ஒரு வரிசை. மேல் வரிசையில் எட்டு. கீழ் வரிசையில் பன்னிரண்டு.

அவள் திரும்பி வந்து, புல் இருபது என்கிறதே என்று கேட்டாள்.

சேனாதிபதி தயங்கவில்லை. மேல் வரிசை எட்டும் ரோட்டு இலாகாவின் கல் என்றார். அதில் ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்திருந்தது. கல்லை அளந்ததும் குவியல்மேல் சுண்ணாம்பு அடித்துவிடுவது மாகாணம் முழுக்க உள்ள வழக்கம். ஒரே குவியலை இரண்டு தடவை அளந்து இரண்டு தடவை பில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. சுண்ணாம்பு விழுந்த குவியல் யாரோ அளந்த குவியல். அதை இன்னொருவர் அளப்பது பெரும் குற்றம்.

"சர்வீஸ்ல மொதப் பாடம் மேடம் அது. நான் அளந்த பன்னெண்டுக்கும் நானே நின்னு சுண்ணாம்பு போட்டேன். பாதையில வெள்ளையாத் தெரியுதே, அதான்."

"அந்த எட்டுக் குவியல் இப்ப எங்க சார்?"

"ரோட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"எடுத்ததைப் பாத்தீங்களா?"

"அடுத்த டிபார்ட்மென்ட் கல்லை நான் எதுக்கும்மா பாக்கணும்?"

&nbsp;

செல்லப்பாண்டி ரோட்டு இலாகா ஆபீசுக்குப் போய்விட்டு அரைமணியில் திரும்பினான். அந்தச் சாலைக்கு இரண்டு வருஷமாக ஒரு கல்கூட இறக்கியதில்லை என்று அங்கே அடித்துச் சொன்னார்களாம். ரோட்டைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று கோபமும் பட்டார்களாம்.

"அப்ப அந்த எட்டுக் குவியலும் ரோட்டுக்காரங்களோடது இல்லை," என்றாள் சண்முகசுந்தரி. "ஆனா சுண்ணாம்பு இருந்திருக்கு. அளக்காத கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சது யாரு?"

"வெத்தலை போட வந்தவனா இருக்குமோ?"

"கல்லை விடு. சுண்ணாம்பைத் தேடுவோம்."

தேட அதிக தூரம் போகவில்லை. அதே சாலையில் நடந்தாலே போதும். மரங்களின் இடுப்பில் சுண்ணாம்பு. மைல்கல்லில், மதகில், குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் சுண்ணாம்பு. மழையில் பாதி கரைந்திருந்தாலும், மிச்சத்தில் லேசாக ஒரு நீலம் தெரிந்தது. சாலையோரம் ஒரு வாடகை மட்டக்குதிரை நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி அதன் கால்களைக் குனிந்து பார்த்தான். அவற்றில் மட்டும் சுண்ணாம்பு இல்லை.

"இது அன்னைக்கு முழிச்சிருந்திருக்குக்கா."

ஊரில் இத்தனை சுண்ணாம்புக்கு உத்தரவு போடக்கூடியவர் ஒருவர்தான். பூங்காக் கமிட்டித் தலைவர் திருமலைச்சாமி. பேரிக்காய்த் தோட்டக்காரர். தலைவரான நாளிலிருந்து அவர் செய்த நிர்வாகம் வெள்ளையடிப்பது. அதைப் பற்றிக் கேட்க யாராவது வர மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல, டீ வரவழைத்துவிட்டு அவரே தொடங்கினார். மார்ச் மாதம் மதராஸிலிருந்து பெரிய ஆபீசர் ஒருவர் பூங்கா வேலையைப் பார்வையிட வந்தார். இன்ஜினியர் அப்போது லீவில் சொந்த ஊர் போயிருந்தார். ஆகவே பொறுப்பு முழுவதும் திருமலைச்சாமியின் தலையில் விழுந்தது. சாலையிலிருந்து பார்த்தால் கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிக்கச் சொன்னார்.

"வெறும் சுண்ணாம்புன்னா மங்கலாப் போயிருங்க. துணிக்குப் போடுற நீலத்தைக் கலக்கச் சொன்னேன். ஜில்லாவுலயே யாருக்கும் இந்த ஐடியா வந்ததில்லை."

கல் குவியல்களுக்கும் அடித்தார்களா என்று சண்முகசுந்தரி கேட்டாள்.

"ரோட்டுப் பக்கம் இருந்த வரிசைக்கு அடிச்சோம். பின் வரிசைக்கு எதுக்கு? ஆபீசர் காரை விட்டு எறங்கவே இல்லை."

வெளியே வந்ததும் செல்லப்பாண்டி தன் போர்வையில் எங்காவது நீலம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

லாட்ஜில் காத்திருந்த சிவபாக்கியத்துக்குச் சண்முகசுந்தரி விஷயத்தை நிதானமாகச் சொன்னாள். கல் இருபது யூனிட்டும் வந்தது. சாலை ஓரத்து எட்டுக் குவியலுக்கும் ஆபீசருக்காக வெள்ளையடித்தார்கள். லீவிலிருந்து வந்த இன்ஜினியர் சுண்ணாம்பைப் பார்த்தார். வேறு யாரோ அளந்த கல் என்று நினைத்து அதைத் தொடாமல் மற்றதை அளந்தார். கொத்தனார்கள் சுண்ணாம்பைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தார்கள். இருபதையும் எடுத்துப் பாதையில் போட்டுவிட்டார்கள். எதுவும் திருட்டுப் போகவில்லை. எதுவும் மிச்சமாகவும் இல்லை.

"அப்ப அவரை விட்டுருவாங்களா?"

"இன்ஜினியர் ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க. நாளைக்கு வெள்ளனே போய் அவர்கிட்ட சொல்றேன்."

"சொல்வாராம்மா?"

"தெரியாம செஞ்ச தப்பு. சொல்வாரு."

செல்லப்பாண்டி போர்வைக்குள்ளிருந்து பேசினான். "கரண்டி கைக்கு வர்ற நேரத்துல குழம்பை வேண்டாம்னு சொல்ற ஆளை நான் பாத்ததில்லைக்கா."

&nbsp;

காலையில் நல்ல மழை. விட்டதும் இருவரும் பூங்காவுக்குப் போனார்கள். இன்ஜினியர் வந்திருக்கவில்லை. தோரணத்தில் காகிதக் கொடிகளின் சாயம் ஒழுகிக்கொண்டிருந்தது.

பாதையின் கீழ்க்கோடியில், ஓரத்துக் கால்வாயருகே, செல்லப்பாண்டி நின்றுவிட்டான். பாதைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. நீலம் பாய்ந்த பால் மாதிரி இருந்தது அந்தத் தண்ணீர்.

"பாதைக்குப் பாலாபிஷேகம் ஆகுதுக்கா. சிவபாக்கியத்தைக் கூப்பிடுங்க, அவங்க ஊர் வழக்கம்."

சண்முகசுந்தரி பாதையைப் பார்த்தாள். மறுபடி மேலே ஏறி, குனிந்து பார்த்துக்கொண்டே இறங்கி வந்தாள். மேலே தெரிந்த சுண்ணாம்பெல்லாம் வெறும் வெள்ளை, இன்ஜினியர் அடித்தது. நீலம் கலந்த கல் ஒன்றுகூட மேலே இல்லை. எட்டுக் குவியல் கல்லும் இதில்தான் இருக்கிறது என்றால், நூறு கல்லாவது நீலமாகக் கண்ணில் பட வேண்டும்.

அவள் குடையின் நுனியால் ஓரத்துக் கல் ஒன்றைப் புரட்டினாள். அடிப்பக்கம் நீல வெள்ளை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது வெறும் கல். நாலாவது மறுபடி நீலம், மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது.

"தற்செயலா விழுந்திருந்தா பாதி மேலயும் பாதி கீழயும் இருக்கும்," என்றாள். "இது ஒண்ணு விடாம கீழ பாத்துக் கெடக்கு. வெறும் வெள்ளை மட்டும் மேல. யாரோ நின்னு பிரிச்சிருக்காங்க."

மேஸ்திரி மேடைக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் சொல்லிவிட்டார்; மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியவில்லை. கல் பாவிய நாளெல்லாம் இன்ஜினியர் பிரம்போடு கூடவே நின்றார். நீலச் சுண்ணாம்பு பட்ட கல்லையெல்லாம் கவிழ்த்துப் போடச் சொன்னார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். வெள்ளை இருந்தால் பரவாயில்லையாம்.

சண்முகசுந்தரி ஈரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நேத்து நான் சொன்னது தப்பு, செல்லப்பாண்டி. அளந்த அன்னைக்கு அவருக்குத் தெரியாது. கல்லைக் கவுத்துன அன்னைக்குத் தெரியும். ரோட்டுக்காரங்க எடுத்துட்டுப் போனதா நம்மகிட்ட சொன்ன கல்லு, அவர் கண்ணு முன்னாலதான் பாதைக்குள்ள போயிருக்கு."

"அப்ப போய்க் கேட்டாச் சொல்ல மாட்டாரு."

"மாட்டாரு."

"சப் இன்ஸ்பெக்டருக்கு அவர் வாயாலதான் வேணும்."

"ஆமாம்."

"பாதைக்கு வாய் இருந்தா நல்லாயிருக்கும்."

சண்முகசுந்தரி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குடையைப் பாதையின் குறுக்கே வைத்து எதையோ கணக்குப் போட்டாள். எழுந்து நேராகத் திருமலைச்சாமி வீட்டுக்குப் போனாள்.

அவரிடம் அவள் சொன்னது பாதிதான். இப்படி ஒரு சிக்கனத்தை அமைச்சர் வெறும் காதால் கேட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. பாதையில் நாலடி நீளம் பெயர்த்துக் காட்டலாம். எண்ணூறு அடிக்குப் பன்னிரண்டு யூனிட் என்றால் நாலடிக்கு ஆறு கன அடி. ஓரடி நீள அகல உயரமுள்ள பழப்பெட்டி உங்கள் தோட்டத்தில் இருக்கிறது. ஆறு பெட்டியில் கல் அடங்குவதை அமைச்சர் கண்ணால் பார்க்கட்டும். இருபது யூனிட் என்றால் பத்துப் பெட்டி வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை.

திருமலைச்சாமிக்குக் கண் கலங்கியது. பெட்டிக்கு வெள்ளையடிக்கலாமா என்று மட்டும் கேட்டார்.

&nbsp;

மூன்று வரவேற்புரைகளும் முடிந்தன. அமைச்சர் விழித்திருந்தார். வெள்ளிக் கரண்டி சிவப்புப் பட்டில் மேசைமேல் கிடந்தது. சப் இன்ஸ்பெக்டர் விறைப்பாக மேடையருகே நின்றார். அவருடைய ஜீப் வெளியே தயாராக இருந்தது. கயிறு கட்டித் தடுத்திருந்த கூட்டத்தில், பெண்கள் வரிசையில் முன்னால் சிவபாக்கியம்.

திருமலைச்சாமி மைக்கைப் பிடித்து, நாலடிப் பாதையின் கல் ஆறே பெட்டியில் அடங்கும், இன்ஜினியரின் சிக்கனத்தை இப்போது எல்லோரும் நேரில் காணலாம் என்று அறிவித்தார். சேனாதிபதி எழுந்துவிட்டார். மண் ஈரமாக இருக்கிறது, அமைச்சரின் நேரம் பொன்னானது என்று ஏதேதோ சொன்னார். அமைச்சருக்கு அடுத்த நிகழ்ச்சி ஒரு கூட்டுறவு சங்க ஆண்டறிக்கை. பார்த்துவிட்டே போகலாம் என்றார்.

செல்லப்பாண்டி போர்வையைக் கழற்றினான். கடப்பாரையோடு இறங்கி முதல் கல்லை நெம்பிப் புரட்டினான். நீல வெள்ளை வெயிலில் பளிச்சிட்டது.

"இது நம்ம நீலம்," என்றார் திருமலைச்சாமி மைக்கில், சந்தோஷமாக. "மார்ச்ல நான் அடிச்சது."

முன்வரிசை கைதட்டியது. சேனாதிபதி மஃப்ளரை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

முதல் பெட்டி நிறைந்தது. இரண்டாவது, மூன்றாவது. அமைச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஆறாவது பெட்டி விளிம்பு வரை நிறைந்தபோது, அந்த நாலடியில் கிட்டத்தட்ட பாதிக் கல் அப்படியே கிடந்தது. கைதட்டல் நின்றுவிட்டது. திருமலைச்சாமி பெட்டிகளையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் பெட்டி இருக்கா?" என்றார் அமைச்சர்.

"நாலு கொண்டாந்திருக்கோங்க," என்றான் செல்லப்பாண்டி. "சரியாத்தான் இருக்கும்."

அமைச்சர் இன்ஜினியரைப் பார்த்தார். சப் இன்ஸ்பெக்டரும் பார்த்தார். சேனாதிபதி யாரையும் பார்க்காமல், கவிழ்ந்து கிடந்து இப்போது நிமிர்ந்துவிட்ட கற்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவபாக்கியம் கயிற்றைத் தாண்டி வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு எத்தனை நடை அடிச்சாரு?"

சேனாதிபதியின் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. சண்முகசுந்தரி மேடைப் படியில் நின்றிருந்தாள். அமைச்சர் கையை நீட்டி மைக்கை இன்ஜினியர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இருபது," என்றார் சேனாதிபதி. "இருபது நடைக் கல்லும் இந்தப் பாதையிலதான் கெடக்கு. போடும்போதே எனக்குத் தெரியும்."